கைப்பிடி அரிசியும் கடல் கடந்த பணியும்

(நமது பங்கின் ஜூபிலியையொட்டி நடைபெற்ற கிறிஸ்தவ ஒன்றிப்பு மாலைக் கூட்டத்தில், பங்குப் பேரவையின் சார்பில் வாசிக்கப்பட்ட உரை)



ஜூபிலி என்றால் நம் பெருமையை நாமே பேசிக்கொள்வது வழக்கம். கோயில் கட்டிய வரலாறு, மணி வந்த வரலாறு, பங்கை நடத்திய குருக்களின் வரிசை எல்லாம் இம்மலரின் மற்றப் பக்கங்களில் வந்துவிட்டன. ஆகவே இன்று மாலை நம் அண்டை வீட்டாரைப் பற்றிச் சிறிது பேசலாம் என்று எண்ணுகிறோம். இத்தனை ஆண்டுகள் ஒரே ஊரில் வாழ்ந்தும் அவர்களைப் பற்றி நாம் அறிந்தது மிகக் குறைவு.

நம் முதியவர்களைக் கேட்டால் சொல்வார்கள். அந்தக் காலத்தில் நாம் அவர்களைப் 'பதிதர்' என்றோம். அவர்கள் வீட்டுத் திருமணத்திற்குப் போனாலும் கோயில் வாசலோடு நின்றுகொள்வோம். தெரியாமல் உள்ளே போய்விட்டால் அடுத்த சனிக்கிழமை பாவசங்கீர்த்தனத்தில் அதைச் சொல்லியாக வேண்டும். 1964 நவம்பர் 21ஆம் நாள் இரண்டாம் வத்திக்கான் பொதுச்சங்கம் ஒன்றிப்பு பற்றிய ஏட்டை வெளியிட்ட பிறகுதான் 'பிரிந்த சகோதரர்' என்ற சொல் நம் நாவில் ஏறியது. இன்றும் சொற்குழப்பம் தீரவில்லை. அவர்கள் 'ஆயர்' என்றால் நமக்குப் பங்குத் தந்தை. நாம் 'ஆயர்' என்றால் அவர்களுக்குப் பேராயர். சென்ற மாதம் "ஆயர் வருகிறார்" என்று சொல்லி அனுப்பியதைக் கேட்டு நம் பீடச்சிறுவர் மாலையும் கையுமாய் வாசலில் நின்றதை இங்குள்ள பலர் அறிவர்!

அண்டை வீட்டார் யார்? ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், பிரஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல் என்று பிரிந்து கிடந்த சபைகள் 1947 செப்டம்பர் 27ஆம் நாள் சென்னைப் புனித ஜார்ஜ் பேராலயத்தில் ஒன்றுகூடித் தென்னிந்தியத் திருச்சபை ஆயின. நாடு விடுதலை அடைந்து ஆறு வாரம்தான் ஆகியிருந்தது. திருநெல்வேலிப் பக்கம் ஆங்கிலிக்கன் சபை ஊன்றியது போல, நம் செங்கற்பட்டுப் பக்கம் ஊன்றியது ஸ்காட்லாந்துச் சபை. ஊரில் உள்ள புனித கொலும்பா பள்ளி அவர்கள் நட்ட மரம். நம் பிள்ளைகள் எத்தனை பேர் அதன் நிழலில் படித்தார்கள்! ஆனால் கொலும்பா யார் என்று நாம் கேட்டதுண்டா? அவர் நம் திருநாட்காட்டியிலும் உள்ள புனிதர். அயர்லாந்துத் துறவி. 563ஆம் ஆண்டில் தோழர் சிலரோடு படகேறி, ஸ்காட்லாந்தின் அயோனா என்னும் சிறு தீவில் இறங்கி மறை அறிவித்தவர். அயர்லாந்து ஸ்காட்லாந்துக்குக் கொடுத்தது. ஸ்காட்லாந்து செங்கற்பட்டுக்குக் கொடுத்தது. வாங்கியவன் கொடுக்க வேண்டும் என்பது அந்தப் பள்ளியின் பெயரிலேயே எழுதியிருக்கிறது. நாம்தான் படிக்கவில்லை.

அவர்களுடைய சபை வாழ்வில் நாம் கண்ட இரண்டைச் சொல்வோம்.

முதலாவது, அறுப்பின் பண்டிகை. சென்ற ஆண்டு அழைத்தார்கள், போனோம். பீடத்தைச் சுற்றி நெல் மூட்டை, வாழைத்தார், பூசணி, சுரைக்காய், கயிற்றில் கட்டிய சேவல், கடற்கரைக் குடும்பம் ஒன்று கொண்டுவந்த கருவாட்டுக் கூடை. வழிபாடு முடிந்ததும் ஏலம். ஒரு மூதாட்டி கொணர்ந்த ஒற்றை எலுமிச்சம்பழம் ஏலத்திற்கு வந்தது. எடுத்தவர் பணத்தைக் கொடுத்துவிட்டுப் பழத்தை மறுபடியும் காணிக்கையாக வைத்தார். மறுபடியும் ஏலம். இப்படி நான்கு முறை. கடைசியில் அந்தப் பழத்தின் விலைக்கு ஒரு மூட்டையே வாங்கியிருக்கலாம். பிறகு அசனம். ஒரே பந்தி, ஒரே சோறு. கலெக்டர் அலுவலக அதிகாரிக்கும் செங்கல் சூளைத் தொழிலாளிக்கும் பக்கத்துப் பக்கத்து இலை.

இரண்டாவது, கைப்பிடி அரிசி. வீட்டுத் தலைவி உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியைத் தனிப் பானையில் போடுகிறாள். மாதக் கடைசியில் அது கோயிலுக்குப் போகிறது. விற்ற பணம் மிஷனெரி ஊழியத்திற்கு. பிடி அரிசியால் என்ன ஆகும் என்று நாம் கேட்கலாம். என்ன ஆயிற்று என்று வரலாறு சொல்கிறது.

1902ஆம் ஆண்டில் திருநெல்வேலிச் சீமையின் வெள்ளாளன்விளையில் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா என்ற இளைஞர் யாழ்ப்பாணம் போனார். அங்கிருந்த தமிழ்க் கிறிஸ்தவ இளைஞர்கள் தாங்களே பணம் சேர்த்து, கடலைத் தாண்டி, நம் இராமநாதபுரம் கரையிலுள்ள தொண்டிப் பகுதிக்கு ஊழியரை அனுப்பியிருப்பதைக் கண்டார். அவருக்கு வெட்கமாகப் போயிற்று. நம் ஊருக்கு அவர்கள் அனுப்புகிறார்கள், நாம் எங்கே அனுப்பினோம் என்று உள்ளம் குத்தியது. அடுத்த ஆண்டே, 1903 பிப்ரவரியில், பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் பிறந்தது. இந்தியர் பணம், இந்திய ஊழியர், இந்தியர் நிர்வாகம் என்பதே அதன் கொள்கை. வெள்ளைக்காரர் காசு வேண்டாம் என்றார்கள். முதல் ஊழியர் நிஜாம் சீமையில் தோர்ணக்கல் பகுதிக்குப் போனார். மொழி தெலுங்கு, ஊணும் உடையும் வேறு. திருநெல்வேலிக் குடியானவனுக்கு அது அயல்நாடே. பின்னர் அசரியாவும் அங்கேயே சென்றார். 1912 டிசம்பர் 29ஆம் நாள் கல்கத்தாவில் பேராயராக அபிஷேகம் பெற்றார். ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயர் அவரே. 1945 புத்தாண்டு நாளில் அவர் இறந்தபோது, தோர்ணக்கல்லில் ஏழைத் தெலுங்கு மக்களின் பெரியதொரு சபை எழுந்திருந்தது. அதன் அடித்தளத்தில் நம் தமிழ்ப் பெண்களின் காணிக்கையும் இருக்கிறது.

இனி நம் ஊருக்கே வருவோம். திருமணி என்றால் இங்கே எல்லாருக்கும் தெரியும். 1920களில் ஸ்காட்லாந்து மிஷனார் அங்கே தொழுநோயாளருக்காக லேடி வில்லிங்டன் பெயரால் ஒரு மருத்துவ இல்லம் தொடங்கினர். அதற்குத் தலைமை தாங்கிய டாக்டர் ராபர்ட் காக்ரேன், சீனாவில் பணியாற்றிய மிஷனெரி மருத்துவரின் மகன். எண்ணெய் ஊசியைத் தவிர வேறு மருந்தறியாத நோய்க்கு, சல்ஃபோன் மருந்தை நம் நாட்டில் முதன்முதல் கையாண்டோரில் அவர் ஒருவர். 1947இல் வேலூரிலிருந்து பால் பிராண்ட் என்ற இளம் அறுவை மருத்துவர் அவரைக் காண வந்தார். கொல்லிமலையில் மிஷனெரிப் பெற்றோருக்குப் பிறந்தவர் அவர். நோயாளி ஒருவரின் மடங்கிப்போன கையைப் பற்றி, தம் கையை அழுத்தும்படி கேட்டார். பிடி இரும்புப் பிடியாக இருந்தது. செத்துப்போனதென்று எல்லாரும் நினைத்த கையில் வலுவுள்ள தசைகள் இன்னும் இருக்கின்றன என்று அந்த நொடியில் உணர்ந்தார். நல்ல தசைநாரை இடம் மாற்றிப் பொருத்தி, மடங்கிய விரல்களை மீண்டும் வேலை செய்ய வைக்கும் அறுவை முறை அதன் பின் வேலூரில் வளர்ந்து உலகெங்கும் பரவியது. அது தொடங்கியது நம் செங்கற்பட்டில், ஒரு கைகுலுக்கலில்! 1955இல் மத்திய அரசு அந்த இல்லத்தை ஏற்றுத் தொழுநோய்ப் பயிற்சி, ஆராய்ச்சி நிலையமாக்கியது.

இதைச் சொல்லும்போது நம் குற்றம் ஒன்றையும் சொல்லாவிட்டால் இந்த உரை பொய்யாகிவிடும். மொலோக்காய்த் தீவில் தொழுநோயாளரோடு வாழ்ந்து 1889இல் அந்நோயாலேயே இறந்த தந்தை தமியானின் வாழ்க்கையை நம் ஞாயிறு மறைக்கல்வி வகுப்பில் கண்ணீரோடு படிக்கிறோம். ஆனால் பல ஆண்டுகளுக்கு முன், திருமணியில் முழுவதும் குணமான ஒருவர், கையில் வடு மட்டும் மிஞ்சியவர், நம் கோயிலில் ஞாயிறு பூசைக்கு வந்து நடுவரிசையில் அமர்ந்தார். அந்த பெஞ்சு சிறிது சிறிதாகக் காலியாயிற்று. ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. எழுந்து போனோம், அவ்வளவே. மூன்றாம் வாரம் அவர் கடைசித் தூணருகே நின்றார். நான்காம் வாரம் வரவில்லை. பின்னர் அவரை அண்டைச் சபையின் அசனப் பந்தியில் கண்டோம். பரிமாறிக்கொண்டிருந்தார். நமக்கும் சோறு வைத்தார். அந்தச் சோறு தொண்டையில் இறங்கிய விதத்தை நாம் மறப்பதற்கில்லை.

பாடம் இன்னும் ஒன்று உண்டு. அனுப்பினவர்களும் ஒருநாள் ஏழையாவார்கள். காஞ்சிபுரத்தில் ஸ்காட்லாந்து மிஷனெரியாக உழைத்து, 1947இல் மதுரைப் பேராயராகி, 1965 முதல் 1974 வரை சென்னைப் பேராயராக இருந்தவர் லெஸ்லி நியூபிகின். ஓய்வு பெற்றதும் துணைவியாருடன் பெரும்பாலும் பஸ்ஸிலேயே இங்கிலாந்து போய்ச் சேர்ந்தார். அங்கே விசுவாசம் வற்றிக் கிடந்ததைக் கண்டு, மிஷன் தேவைப்படுவது இப்போது இந்த நாட்டுக்கே என்று எழுதினார். பர்மிங்ஹாம் நகரில் சிறைச்சாலைக்கு எதிரே, மூடும் நிலையிலிருந்த ஒரு சிறு சபையைத் தம் முதுமையில் ஏற்று நடத்தினார். தமிழ்நாட்டில் வீடு வீடாக ஏறி இறங்கிய கால்கள் அங்கும் வீடு வீடாக ஏறி இறங்கின.

நம்மிடம் எடுத்துக்காட்டு இல்லை என்று யாரும் எண்ண வேண்டாம். 1687இல் கோவாவிலிருந்து கூலியாளைப் போல் வேடமிட்டு, தமிழ் கற்று, இலங்கையின் கைவிடப்பட்ட கத்தோலிக்கரைத் தேடிப்போன தந்தை ஜோசப் வாஸ் நம்மவர். 2015இல் புனிதராக உயர்த்தப்பட்டார். நம் தமிழகத்துக் குருக்களும் கன்னியரும் இன்று ஆப்பிரிக்காவிலும் ஐரோப்பாவிலும் உழைக்கிறார்கள். ஆனால் அவர்களை அனுப்பியவர்கள் சபைகளும் மடங்களும். பங்கு மக்களாகிய நாம் மறைபரப்பு ஞாயிறன்று உறையில் போடுவதோடு கடமை முடிந்ததென்று இருந்துவிட்டோம்.

கொடுக்கத் தெரியாதவர்களா நாம்? இல்லை. 2004 டிசம்பர் 26 ஞாயிறன்று கடல் பொங்கியபோது கோவளம் முதல் மாமல்லபுரம், சதுரங்கப்பட்டினம் வரை நம் கடற்கரை அலறியது. அன்று மாலை நம் பங்கு மண்டபத்தில் அடுப்பு மூட்டினோம். அண்டைச் சபை இளைஞர்கள் அண்டாக்களோடு வந்து சேர்ந்தார்கள். சோறு வாங்கியவரில் இந்து யார், இஸ்லாமியர் யார், கத்தோலிக்கர் யார் என்று யாரும் கேட்கவில்லை. ஆனால் அடுப்பு அணைந்ததும் அவரவர் மதில் அவரவருக்கு என்று திரும்பிவிட்டோம். ஆபத்து வந்தால் மட்டும் ஒன்று சேருவது உறவாகாது.

ஆகவே இந்த ஜூபிலியில் பேரவை மூன்றை உங்கள்முன் வைக்கிறது. நுழைவாயில் வளைவுக்கென்று விழாக் குழு சேர்த்த நிதியில் பாதியை, நம் மண்ணிலிருந்து அயல்நாட்டுப் பணிக்குப் போகவிருக்கும் ஒருவரின் பயிற்சிக்குக் கொடுப்போம். வளைவு சிறியதாக இருக்கட்டும், அல்லது பிறகு வரட்டும். வரும் திருவருகைக்காலம் முதல் நம் வீடுகளிலும் கைப்பிடி அரிசிப் பானை வைப்போம். அண்டை வீட்டாரிடம் கற்றோம் என்று வெளிப்படையாகவே சொல்வோம். மூன்றாவது, தூணருகே நின்றுவிட்டுப் போனவரைத் தேடிப்போவோம். அவர் இப்போது முதுமையில் திருமணி அருகே வசிக்கிறார். காணிக்கை கொண்டு போக வேண்டாம். மன்னிப்புக் கேட்கப் போவோம். அவர் வர மனம் வைத்தால் ஜூபிலித் திருப்பலியில் நடுவரிசையில், அவர் பக்கத்தில் அமர்வோம்.

வளைவுக்கு வாக்களித்தவர்களில் நாமும் உண்டு. ஆகவே இதைச் சொல்வது எளிதாக இல்லை. ஆனால் அழகான வாசல் கட்டிவிட்டு அதன் வழியே ஒருவரையும் வெளியே அனுப்பாமலும், வெளியே நிற்பவரை உள்ளே அழைக்காமலும் இருந்தால், அந்த வாசல் யாருக்கு?

1995இல் நம் இரு சபையாரும் சேர்ந்து பொது மொழிபெயர்ப்பாகத் திருவிவிலியத்தைப் பெற்றோம். புத்தகம் ஒன்றாயிற்று. அதில் எழுதியிருப்பதைச் செய்வதிலும் ஒன்றாவோமாக.