அடியில் பெயரில்லாத தாள்



யார் நினைவாக இங்கே கூடியிருக்கிறோமோ அந்தப் பெரியவர் வாழ்நாளில் இரண்டு வேலை பார்த்தவர். இளமையில் மதராஸ் ரெஜிமென்டில் சிப்பாய். ஊர் திரும்பியதும் நாளிதழ் ஒன்றில் கம்பாசிட்டராகச் சேர்ந்து, ஃபோர்மேனாக ஓய்வு பெற்றார். அந்த அலுவலகத்தில் நான் உதவி ஆசிரியராகச் சேர்ந்தபோது எனக்கு முதலில் வேலை சொல்லிக்கொடுத்தது ஆசிரியர் அல்ல, அவர்தான். ஒருநாள் பின்னிரவில் முதல் பக்கத்துக்குப் புதுச்செய்தி வந்துவிட்டது. ஏற்கெனவே முடுக்கி வைத்திருந்த பக்கத்தில் இடமில்லை. அதில் இருந்த ஒரு செய்தியைக் காட்டி, "கடைசிப் பாராவை எடுத்துவிடுங்கள் அண்ணா" என்றேன். அவர் பக்கம் முடுக்கும் கல்லின்மேல் குனிந்தார். ஈயத்தில் இடவலம் மாறிக் கிடந்த எழுத்தைத் தாளில் படிப்பதுபோலவே படித்தார். "தம்பி, அதை எடுத்தால் மேல் பாராவில் 'அவர்' என்று வருகிறதே, யார் அந்த அவர் என்று தெரியாமல் போகுமே? மூன்றாவது பாராவில் நாலு வரியை எடு, போதும்" என்றார். செய்தியை எழுதியவன் நான். அதை எனக்கு முன்னால் முழுசாகப் படித்திருந்தவர் அவர்.

படையைப் பற்றி அவரிடம் கேட்டால் சமையல் கொட்டகையைப் பற்றிச் சொல்வார், குளிரைப் பற்றிச் சொல்வார், அதற்குமேல் போகமாட்டார். அவர் சொல்லாமல் விட்டதை நான் இட்டுக்கட்டிச் சொல்வது அவருக்குச் செய்யும் மரியாதை ஆகாது. ஆகவே படைவீரனும் அச்சுத் தொழிலாளியும் ஒரே அறையில் நின்று வேலை செய்த ஒரு நாளைப் பற்றி இன்று பேசுகிறேன். இடம் அயர்லாந்தின் டப்ளின் நகரம். நாள் 1916 ஏப்ரல் 23, ஈஸ்டர் ஞாயிறு.

அதற்கு முன் ஒரு சிறுவனைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஜேம்ஸ் கானலி 1868இல் ஸ்காட்லாந்தின் எடின்பரோவில், பிழைப்புத் தேடி வந்த ஐரிஷ் குடும்பத்தில் பிறந்தவர். பத்து வயதை ஒட்டி 'எடின்பரோ ஈவினிங் நியூஸ்' அச்சகத்தில் எடுபிடிப் பையனாக வேலைக்குப் போனார். மை உருளைகளைக் கழுவுவதும் ஓடி ஓடிப் பொருள் கொண்டுவருவதும்தான் வேலை. வயது போதாது என்று தொழிற்சாலை ஆய்வாளர் கண்டுபிடித்ததும் அந்த வேலை போயிற்று. பதினான்கு வயதில் பிரிட்டிஷ் படையில் சேர்ந்தார். வறுமைதான் சேர்த்தது. ஏழாண்டு போலப் பணி. எந்த நாட்டுக்காரர்களின் பிள்ளையோ, அந்த நாட்டிலேயே பிரிட்டிஷ் சீருடையில் காவல் நின்றார். பின்னால் சோசலிச அமைப்பாளராகி, 1898இல் டப்ளினில் 'தொழிலாளர் குடியரசு' என்ற இதழைத் தொடங்கினார். எழுதியவர், எழுத்துக் கோத்தவர், தெருவில் விற்றவர் எல்லாம் பெரும்பாலும் அவரேதான். கானலியை அரசியல் சிந்தனையாளராகப் படிப்பவர்கள் இந்த இரண்டு இளமை வேலைகளையும் ஒரு வரியில் கடந்துவிடுகிறார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. அச்சகத்தின் மதிப்பும் துப்பாக்கியின் மதிப்பும் அவருக்குக் கைவழியாகத் தெரியும் என்பதால்தான் நான் சொல்லப்போவது நடந்தது.

பின்னர் தொழிற்சங்கத் தலைவரானார். 1914 டிசம்பரில் அவருடைய சங்கத்தின் இதழை அரசு முடக்கியது. டப்ளின் அச்சகத்தார் அவர் இதழைத் தொடத் தயங்கினார்கள். சங்கத் தலைமையகமான லிபர்ட்டி ஹாலிலேயே பழைய வார்ஃபடேல் சிலிண்டர் எந்திரம் ஒன்றை நிறுவி, 1915 மே மாதம் 'தொழிலாளர் குடியரசை' மீண்டும் கொண்டுவந்தார். தொழிலாளர்களைக் கொண்ட 'குடிமக்கள் படை' 1913இலேயே உருவாகியிருந்தது. அந்தப் படைக்காரர்கள் துப்பாக்கியோடு அச்சு எந்திரத்துக்குக் காவல் நின்றார்கள்.

அந்த இதழை அச்சிட்டவர்கள் மூவர். கிறிஸ்டபர் பிரேடி எந்திரம் ஓட்டுபவர். மைக்கேல் மல்லாயும் லியாம் ஓ'பிரையனும் கம்பாசிட்டர்கள். மல்லாய் ஐரிஷ் தொண்டர் படையிலும் சேர்ந்தவர். ஞாயிறு காலை மூவரையும் வரச்சொன்னார் கானலி. கவிஞரும் படைத்தளபதியுமான தாமஸ் மக்டோனாவின் கையில் ஓர் எழுத்துப்படி இருந்தது. ஐரிஷ் குடியரசை அறிவிக்கும் பிரகடனம் அது. அச்சிடுகிறீர்களா என்று கேட்டார்கள். படித்துப் பார்த்துவிட்டுச் செய்கிறோம் என்றார்கள். நடந்தது தெரிந்தால் தொழிலாளிகளும் மாட்டிக்கொள்வார்களே என்று கானலி யோசித்து வைத்திருந்தார். காவல்காரர்களை நிறுத்தி, துப்பாக்கி முனையில் கட்டாயப்படுத்தி அச்சிட வைத்ததாகக் காட்டிவிடலாம் என்பது ஏற்பாடு.

முதல் சிக்கல் எழுத்து. இருபது அங்குல அகலம், முப்பது அங்குல நீளமுள்ள சுவரொட்டிக்குப் பெரிய எழுத்து வேண்டும். வாரஇதழ் போடும் அச்சகத்தில் அது ஏது? வில்லியம் வெஸ்ட் என்ற ஆங்கிலேய அச்சகத்தாரிடம் ஆள் அனுப்பி இரவல் வாங்கினார்கள். அதுவும் போதவில்லை. ஆங்கிலத்தில் 'இ' மற்ற எந்த எழுத்தையும்விட அதிகம் செலவாகும். எழுத்துப் பெட்டியான கேஸில் 'ம்' தீர்ந்துபோன இரவில் வேலை பார்த்திருக்கிறீர்களே, உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. வேறு அச்சுமுகத்து 'இ'யை நடுநடுவே செருகினார்கள். தலைப்பில் ஓர் 'இ' குறைந்தது. 'எஃப்' எழுத்தின் அடியில் அரக்கை வைத்து ஒரு கோடு உருவாக்கி அதை 'இ' ஆக்கினார்கள்.

அப்படியும் பாதிக்குமேல் கோக்க எழுத்தில்லை. மேல் பாதியை மட்டும் கோத்து, எந்திரத்தில் ஏற்றி, எல்லாத் தாள்களையும் அச்சடித்தார்கள். பிறகு எழுத்தைப் பிரித்துக் கேஸில் போட்டு, கீழ்ப்பாதியைக் கோத்து, அதே தாள்களை மறுபடி ஓட்டினார்கள். எந்திரமோ பழசு. மை ஓரிடத்தில் அப்பியது, ஓரிடத்தில் வெளிறியது. இன்று எஞ்சியிருக்கும் பிரதிகளை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் மேல் பாதிக்கும் கீழ்ப்பாதிக்கும் நடுவிலுள்ள இடைவெளி பிரதிக்குப் பிரதி மாறுகிறது. இரண்டாயிரத்து ஐந்நூறு அடிக்கத் திட்டமிட்டார்கள். ஆயிரம் போலத்தான் முடிந்தது. நள்ளிரவு தாண்டிவிட்டது. திங்கள் நண்பகல் கழிந்ததும் எழுச்சித் தலைவர்களில் ஒருவரான பேட்ரிக் பியர்ஸ் டப்ளின் பொது அஞ்சலகத்தின் முன் நின்று அந்தத் தாளைப் படித்தார்.

பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிராக அன்று தொடங்கிய எழுச்சி ஒரு வாரத்துக்குள் அடக்கப்பட்டது. பிரகடனத்தின் அடியில் பெயர் அச்சான ஏழு பேரையும் சுட்டுக் கொன்றார்கள். காயத்தால் நிற்க முடியாத கானலியை மே 12 அன்று கில்மைனம் சிறையில் நாற்காலியில் உட்காரவைத்துச் சுட்டார்கள். லிபர்ட்டி ஹாலுக்குள் நுழைந்த பிரிட்டிஷ் சிப்பாய்கள் எந்திரத்தில் கீழ்ப்பாதி ஃபாரம் அப்படியே இருப்பதைக் கண்டு, நினைவுப்பொருளாகச் சில பிரதிகள் ஓட்டிக்கொண்டார்கள். சிறைப்பட்டவர்களில் மல்லாயும் ஒருவர். எழுவரின் கையெழுத்துகளும் இருந்த துண்டுத்தாள் அவர் பையில் இருந்தது. அது அதிகாரிகளிடம் சிக்கினால் ஏழு பேருக்கும் எதிரான சாட்சி. ரிச்மண்ட் படைமுகாமில் வைத்து அதைக் கிழித்து, வாயிலிட்டு மென்று துப்பிவிட்டார். பிரகடனத்தின் மூலக் கையெழுத்துப்படி இன்றுவரை கிடைக்கவில்லை. வரலாற்றாசிரியர்கள் இதற்காக வருந்துவதுண்டு. நான் மல்லாயின் பக்கம். ஆவணத்தைவிட ஆட்கள் பெரிது என்று அவர் அந்த நேரத்தில் நினைத்தார். அவர்களை அது காப்பாற்றவில்லை என்பது வேறு விஷயம்.

அச்சகத்தார் பெயர் இல்லாமல் அந்தத் தாள் வெளிவந்தது. நம் நாட்டில் 1867ஆம் ஆண்டின் அச்சகச் சட்டம் தாளின் அடியில் அச்சிட்டவர் பெயரையும் இடத்தையும் போடச் சொன்னது. வழக்கு வந்தால் யாரைப் பிடிப்பது என்பதற்கான ஏற்பாடு அது. பாரதி எழுதிய 'இந்தியா' இதழின் மீது 1908இல் வழக்கு வந்தபோது, இதழின் பொறுப்பாளராகப் பெயர் பதிந்திருந்த சீனிவாசனுக்குத்தான் ஐந்தாண்டுச் சிறை. பாரதி புதுச்சேரி போனார். தமிழ் இதழியல் வரலாற்றில் சீனிவாசனுக்கு உரிய இடத்தை நாம் இன்னும் கொடுக்கவில்லை.

டப்ளின் மூவரின் கதை அவர்கள் வாயாலேயே நமக்கு எப்படிக் கிடைத்தது? 1947இல் ஐரிஷ் அரசு 'படை வரலாற்று அலுவலகம்' ஒன்றை அமைத்தது. படை அதிகாரிகளும் அரசு ஊழியர்களும் வீடு வீடாகப் போய்ப் பழைய போராளிகளிடம் உட்கார்ந்து கேட்டு, எழுதி, படித்துக்காட்டி, கையெழுத்து வாங்கினார்கள். தளபதிகளை மட்டும் கேட்டு நிறுத்தவில்லை. சமையல் செய்தவர், செய்தி கொண்டுபோனவர், எழுத்துக் கோத்தவர் எல்லோரையும் கேட்டார்கள். 1957க்குள் 1,773 சாட்சியங்கள் சேர்ந்தன. சாட்சி சொன்னவர்கள் வாழும்வரை யாருக்கும் சங்கடம் வரக்கூடாது என்று எஃகுப் பெட்டிகளில் வைத்துப் பூட்டி, 2003இல்தான் திறந்தார்கள். பிரேடி, மல்லாய், ஓ'பிரையன் மூவரும் வயதான காலத்தில் சாட்சியம் கொடுத்திருக்கிறார்கள். இரவல் எழுத்தும், அரக்கு வைத்த 'இ'யும், மென்று துப்பிய தாளும் அவர்கள் வாய்வழி வந்தவை. இன்று அந்தத் தாளின் ஒரு பிரதி ஏலத்தில் லட்சக்கணக்கான யூரோவுக்குப் போகிறது. அது அசலா என்று நிபுணர்கள் எதைக்கொண்டு சோதிக்கிறார்கள்? அச்சுமுகம் மாறிய 'இ', அரக்குக் கோடு, இரண்டு பாதிக்கும் நடுவிலுள்ள ஏறுமாறான இடைவெளி. அந்த மூன்று பேரின் அவசரமும் திறமையும்தான் அதன் முத்திரை.

நான் கேட்க வந்தது இதுதான். நம் ஊரில் அப்படி யார், யாரைக் கேட்டார்கள்? விந்தன் அச்சுக்கோப்பவராக வேலை பார்த்தவர். அவர் எழுத்தாளரானதால் அந்த அறையைப் பற்றி நமக்குக் கொஞ்சம் தெரியும். எழுத்தாளராகாத ஆயிரக்கணக்கானோர் என்ன ஆனார்கள்? நம் பெரியவரிடம் நானே உட்கார்ந்து கேட்டிருக்க வேண்டும் என்று யாரும் சொல்லலாம். சொல்லட்டும். ஒருவர் ஆசையை நம்பி நடக்கிற வேலை அல்ல இது. அயர்லாந்தில் செய்ததுபோல ஓர் அலுவலகமும் ஆட்களும் பத்தாண்டுக் காலமும் கேட்கிற வேலை. பல்கலைக்கழகங்கள் இதழியல் துறை வைத்திருக்கின்றன. ஆசிரியர்களின் தலையங்கங்களைத் தொகுத்து ஆய்வேடு எழுதுகிறார்கள். ஈயத்தில் அந்தத் தலையங்கத்தைக் கோத்தவர் இன்னும் அடுத்த தெருவில் இருக்கிறார்.

இந்த அறக்கட்டளையை நிறுவிய குடும்பத்தாரிடம் இதைச் சொன்னேன். இந்த ஆண்டு நன்கொடையின் ஒரு பகுதியை இதற்கே ஒதுக்குவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். அவர்களுக்கு என் நன்றி. முன்வரிசையில் ஓய்வுபெற்ற கம்பாசிட்டர்கள், எந்திரம் ஓட்டியவர்கள், புரூஃப் திருத்தியவர்கள் உட்கார்ந்திருக்கிறீர்கள். பெரிய நிகழ்ச்சியைத்தான் சொல்ல வேண்டும் என்று தயங்காதீர்கள். உங்கள் கேஸில் எந்த எழுத்து எங்கே இருந்தது, எது முதலில் தீரும், தீர்ந்தால் என்ன செய்தீர்கள்? ஈயப் புகைக்கு உங்களுக்கு என்ன கொடுத்தார்கள், கொடுத்தார்களா? தணிக்கைக் காலத்தில் எந்தப் பக்கத்தைப் பாதியில் பிரித்தீர்கள்? பெரியார் 1935இலேயே கைக்கொண்ட எழுத்துச் சீர்திருத்தத்தை 1978இல் அரசு ஆணையாக்கியபோது, மேலே சுழித்த பழைய 'லை', 'னை' எழுத்தையெல்லாம் எடை போட்டு விற்றார்களா, உருக்கினார்களா? யார் உருக்கியது?

பக்கத்து அறையில் இரண்டு மாணவர்கள் ஒலிப்பதிவுக் கருவியோடு இருக்கிறார்கள். தேநீருக்குப் பிறகு அங்கே வாருங்கள். இன்று நேரமில்லாதவர்கள் முகவரியை எழுதிக்கொடுத்துவிட்டுப் போங்கள், அவர்கள் வீட்டுக்கே வருவார்கள்.