வென்ற விடுதலைக்கு விலை கேட்டார்கள்!
ஹெயிட்டி நாட்டின் கதை
(சொற்பொழிவு)



கடன் கொடுத்தவன் பணத்தைக் கேட்பது முறை. காணியை விற்றவன் விலையைக் கேட்பது முறை. ஆனால், ஒருவனை விலங்கிட்டு வைத்து, அவன் உழைப்பைத் தலைமுறை தலைமுறையாக உண்டவன், விலங்கறுத்து எழுந்த அவனிடமே, "நீ விடுதலை பெற்றதனால் எமக்கு நட்டம், அந்த நட்டத்தைக் கட்டு" என்று கேட்பது எந்த முறை? இது கற்பனைக் கதையன்று. ஹெயிட்டி என்னும் சிறு நாட்டின் சரித்திரம். அதனையே இன்று உங்கள் முன் எடுத்துரைக்க வந்துள்ளோம்.

கரிபியன் கடலிலே, கியூபாவுக்குக் கிழக்கே ஹிஸ்பானியோலா என்றொரு தீவு உண்டு. அதன் மேற்குப் பகுதி 1697 ஆம் ஆண்டில் ஸ்பானியரிடமிருந்து பிரெஞ்சுக்காரர் கைக்கு மாறிற்று. 'சென் டொமிங்' என அவர்கள் அழைத்த அந்நிலத்திலே கரும்பும் கோப்பியும் செழித்தன. 18 ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஐரோப்பியர் பருகிய கோப்பியில் ஏறக்குறைய பாதி அங்கிருந்தே சென்றது. அச்செல்வத்தை விளைவித்தவர் யார்? ஆபிரிக்காவிலிருந்து கப்பலேற்றிக் கொண்டுவரப்பட்ட அடிமைகள். 1789 இல் அவர்கள் தொகை ஏறத்தாழ 5 இலட்சம். எசமானரான வெள்ளையரோ அதில் பத்தில் ஒரு பங்கும் இல்லை.

இக்கொடுமை சட்டத்துக்குப் புறம்பாக நடக்கவில்லை; சட்டத்தின் பெயராலேயே நடந்தது. பதினான்காம் லூயி மன்னன் 1685 இல் பிறப்பித்த 'கறுப்பர் சட்டம்' அடிமையை அசையும் ஆதனம் என்றது. மேசை, நாற்காலி போல அவனும் ஒரு பொருள்! ஒரு மாத காலம் ஓடி ஒளிந்தவனுக்குக் காதுகளை அறுத்துத் தோளிலே சூடு போடும்படியும், மூன்றாம் முறை ஓடியவனுக்கு மரண தண்டனை விதிக்கும்படியும் அச்சட்டம் பணித்தது. பிரெஞ்சுக்காரரை இகழுமுன் நம் வீட்டையும் சற்றே நோக்குவோம். 1707 இல் ஒல்லாந்தர் தொகுப்பித்த எமது தேசவழமையிலும் அடிமைகள் பற்றிய விதிகள் இருந்தன. 1844 ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டமே இலங்கையில் அடிமை முறையை ஒழித்தது. ஏட்டில் எழுதப்பட்டமையால் மட்டும் அநீதி நீதியாகி விடாது என்பதனைச் சட்டம் கற்ற நாமே முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும்.

1791 ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 22 ஆம் திகதி இரவு, வட சமவெளியின் அடிமைகள் கிளர்ந்தெழுந்தனர். கரும்புத் தோட்டங்கள் பற்றி எரிந்தன. அடிமையாய்ப் பிறந்த துசேன் லூவெர்த்தூர் அம்மக்களைப் போர்ப் படையாக்கினார். 1794 இல் பாரிஸ் நகரத்து மக்கள் மன்றம் அடிமை முறையை ஒழித்துத் தீர்மானித்தது. ஆனால், 1802 இல் நெப்போலியன் அனுப்பிய பெரும்படை வந்திறங்கிற்று. பேச்சுக்கென அழைக்கப்பட்ட துசேன் கைது செய்யப்பட்டுப் பிரான்சுக்குக் கொண்டுசெல்லப்பட்டார்; 1803 ஏப்பிரலில் குளிர் மிகுந்த மலைக்கோட்டைச் சிறையிலே உயிர் நீத்தார். அண்டைத் தீவாகிய குவாதலூப்பில் அடிமை முறை மீண்டும் நிலைநாட்டப்பட்டதை அறிந்த மக்கள், தமக்கும் அதே கதிதான் என்பதனை உணர்ந்து போரிட்டனர். 1803 நவம்பர் 18 இல் வெர்த்தியேர் என்னுமிடத்தில் பிரெஞ்சுப் படை முறியடிக்கப்பட்டது. 1804 சனவரி 1 இல் தெசலின் தலைமையில் சுதந்திரப் பிரகடனம் வெளியாயிற்று. ஆதிக்குடிகள் வழங்கிய ஹெயிட்டி என்ற பெயரே நாட்டின் பெயராயிற்று.

அவ்வாண்டிலேயே எஞ்சியிருந்த பிரெஞ்சு வெள்ளையர் பலர் தெசலினின் கட்டளைப்படி கொல்லப்பட்டனர். அதனை நாம் மறைக்கவும் மாட்டோம், நியாயப்படுத்தவும் மாட்டோம். அதே ஹெயிட்டி வேறொன்றும் செய்தது. தென்னமெரிக்க விடுதலை வீரர் சீமோன் பொலிவார் தோற்று அடைக்கலம் புகுந்தபோது, தென்பகுதியை ஆண்ட பெத்தியோன் 1816 இல் அவருக்கு ஆயுதமும் பொருளும் ஈந்தார். கைம்மாறாகக் கேட்டது ஒன்றே: நீர் விடுவிக்கும் நாட்டிலே அடிமைகளையும் விடுவியும்!

ஹெயிட்டி பிறர் விடுதலைக்குக் கேட்ட விலை அது. பிரான்சு கேட்ட விலை எது?

1825 ஏப்பிரல் 17 இல் பத்தாம் சார்ள்ஸ் மன்னன் ஒரு கட்டளை பிறப்பித்தான். முன்னாள் தோட்ட முதலாளிகளுக்கு நட்டஈடாக 15 கோடி பிராங்கை ஐந்து ஆண்டுத் தவணைகளில் செலுத்த வேண்டும். பிரெஞ்சுக் கப்பல்களுக்குச் சுங்கத்தில் பாதியே அறவிட வேண்டும். இந்த நிபந்தனைகளின் பேரில் சுதந்திரம் அளிக்கிறோம் என்றான். அக்கட்டளையிலே ஹெயிட்டி என்ற பெயர்தானும் இல்லை. "சென் டொமிங்கின் பிரெஞ்சுப் பகுதி" என்றே எழுதினான். தோட்டங்களின் மதிப்பிலே அங்கு உழைத்த மனிதரின் விலையும் அடங்கியிருந்தது. தம் உடலுக்கும் தம் பிள்ளைகளின் உடலுக்கும் அம்மக்களே விலை செலுத்த வேண்டியதாயிற்று! 14 போர்க்கப்பல்களின் பலத்தோடு மன்னனின் தூதன் வந்து நிற்க, சனாதிபதி புவாயே சம்மதித்தார்.

பீரங்கி வாயின் முன் பெறப்பட்ட சம்மதம் சம்மதமாகுமா? மனமொத்த இணக்கம் இன்றேல் ஒப்பந்தம் செல்லாது என்பது சட்ட மாணவனும் அறிந்த பால பாடம். இரு கமக்காரருக்கு இடையில் இப்படியோர் உறுதி எழுதப்பட்டிருந்தால், எந்த நீதிமன்றமும் அதனைக் கிழித்தெறிந்திருக்கும். ஆனால், எந்த நீதிமன்றத்தில் ஹெயிட்டி வழக்குரைப்பது?

முதற் தவணையாகிய 3 கோடிக்குப் பணமில்லை. பாரிஸ் நகரத்து வங்கிக்காரரிடமே கடன் வாங்கினார்கள். 3 கோடிக்குக் கைச்சாத்திட்டுக் கையில் பெற்றதோ 2 கோடியே 40 இலட்சம்! நட்டஈடு ஒருபுறம், அதனைக் கட்ட வாங்கிய கடன் மறுபுறம். 1838 இல் எஞ்சிய தொகை 6 கோடியாகக் குறைக்கப்பட்டது. ஆயினும் அக்கடனையும், அதனை அடைக்க வாங்கிய பிற கடன்களையும் தீர்த்து முடிக்க 1947 ஆம் ஆண்டாயிற்று. 1915 முதல் 1934 வரை அமெரிக்கப் படை அந்நாட்டை ஆக்கிரமித்து, அதன் கருவூலத்தையும் தன் பிடியில் வைத்திருந்தது.

இப்பாரத்தைச் சுமந்தவர் யார்? மலைச்சரிவிலே கோப்பி பயிரிட்ட ஏழைக் குடியானவரே. ஏற்றுமதியாகும் கோப்பியின் மீது விதித்த வரியே அரசின் பெருவருமானம். 1826 இல் புவாயேயின் அரசாங்கம் இயற்றிய கிராமச் சட்டம், உழவரை மீண்டும் பெருந்தோட்டங்களில் கட்டிவைக்க முயன்றது. அனுமதியின்றி நிலத்தை விட்டு நீங்கலாகாது என்றது. அடிமை முறையை ஒழித்த நாட்டிலே, சொந்த ஆட்சியாளரே இட்ட விலங்கு அது! மக்கள் அதற்கும் பணியவில்லை. சிறு துண்டு நிலங்களை நாடிச் சென்று, தமக்கென்று பயிரிட்டு வாழ்ந்தனர்.

ஹெயிட்டியின் இன்றைய இன்னல்கள் அனைத்துக்கும் அக்கடன் ஒன்றே காரணம் என்று நாம் வாதிக்க வரவில்லை. தளபதிகளின் பதவிப் போட்டியும், 1957 முதல் 1986 வரை நீடித்த துவாலியே குடும்பத்தின் சர்வாதிகாரமும் அந்நாட்டை உறிஞ்சின. ஆனால், பாடசாலைக்கும் பாதைக்கும் செல்ல வேண்டிய பணம் முன்னாள் எசமானர் வீடு சென்றது என்பதனை எவரும் மறுக்க இயலாது. 'நியூயோர்க் ரைம்ஸ்' பத்திரிகை 2022 இல் கணக்கிட்டபடி, நட்டஈடாகவும் அதன் கடனாகவும் சென்றது ஏறத்தாழ 11 கோடியே 20 இலட்சம் பிராங். 2003 இல் சனாதிபதி அரிஸ்டீட் அப்பணத்தைத் திருப்பிக் கேட்டார். இருநூறு ஆண்டு நிறைந்த 2025 ஏப்பிரல் 17 இல், பிரெஞ்சுச் சனாதிபதி மக்ரோன் அநீதியை ஒப்புக்கொண்டு, வரலாற்றறிஞர் குழுவொன்றை அமைப்பதாக அறிவித்தார். பணம் திருப்பிக் கொடுப்பது பற்றி அவர் வாய் திறக்கவில்லை.

அன்பர்களே! கொடியை ஏற்றிய அன்றே விடுதலை முழுமை பெற்றுவிடுவதில்லை. நிலம் யாருடையது, வரி எங்கே செல்கிறது, மக்கள் பெயரால் கைச்சாத்திடுபவன் யாரைக் கேட்டுக் கைச்சாத்திடுகிறான் என்ற கேள்விகள் அதன் பின்னரே எழுகின்றன. 1825 இல் அக்கட்டளையை ஏற்றபோது ஹெயிட்டியின் குடியானவனிடம் எவரும் கேட்கவில்லை, செலுத்தியவனோ அவனே. படித்தவர் கடமை, எழுதப்படுவதை உழுபவனுக்கு வாசித்து விளக்குவது. உழுபவன் கடமை, விளங்காத உறுதிக்குக் கையொப்பம் இட மறுப்பது. இவ்விரு கடமைகளையும் நாம் மறவாதிருப்போமாக.