எக்ஸெல் மேக்ரோவைப் பூட்டினால் யாரும் பார்க்க முடியாதா?

எக்ஸெல்ல மேக்ரோ எழுதித் தர்றவங்களுக்கு ஒரு கட்டத்துல கண்டிப்பா வர்ற கேள்விதான் இன்னைக்கு. ஃபைலை பத்துப் பேர் பயன்படுத்தணும், பட்டனை அழுத்தினா வேலை நடக்கணும். ஆனா உள்ளே இருக்கிற கோடிங்கை யாரும் பார்க்கக் கூடாது. முடியுமா?

வழக்கமான வழியை முதல்ல சொல்லிடறேன். ஆல்ட், எஃப்11 அழுத்தினா வி.பி.ஏ. எடிட்டர் திறக்கும். டூல்ஸ் மெனுவுல ப்ராஜெக்ட் ப்ராப்பர்டீஸ், அதுல ப்ரொடெக்‌ஷன் டேப். 'லாக் ப்ராஜெக்ட் ஃபார் வியூயிங்' கட்டத்துல டிக் போட்டு, பாஸ்வேர்டை ரெண்டு தடவை அடிச்சு, சேவ் பண்ணணும். டிக் போடாம பாஸ்வேர்ட் மட்டும் கொடுத்தா கோடிங் திறந்தேதான் கிடக்கும். அதே மாதிரி, ஃபைலை மூடித் திரும்பத் திறந்தாத்தான் பூட்டு வேலை செய்யும். இது தெரியாம, 'பூட்டவே இல்லையே'ன்னு குழம்பினவங்க நிறைய.

நானும் இப்படித்தான் ஒரு ஃபைலைப் பூட்டி நிம்மதியா இருந்தேன். ஒரு நிறுவனத்தோட விற்பனைப் பிரதிநிதிகளுக்குக் கமிஷன் கணக்குப் போடுற ஃபைல் அது. பட்டனை அழுத்தினா எஸ்.க்யூ.எல். சர்வர்ல இருந்து பில் விவரங்களை எடுத்துக்கிட்டு வரும். அதுக்கான யூசர் நேம், பாஸ்வேர்ட் ரெண்டையும் கோடிங்லேயே எழுதி வச்சிருந்தேன். அதுவும் எதை வேணும்னாலும் அழிக்கக்கூடிய அட்மின் லாகின். சோம்பேறித்தனம், வேறென்ன சொல்ல?

சில வாரம் கழிச்சு அக்கவுண்ட்ஸ்ல புதுசா சேர்ந்த பையன் வந்தான். "அண்ணா, உங்க மேக்ரோல ரவுண்டிங் சரியில்லை. கமிஷன் 12.50 வந்தா 12ன்னு ஆக்குது. ஷீட்ல ரவுண்ட் போட்டா 13 வருது."

அவன் சொன்னது சரி. வி.பி.ஏ.வோட ரவுண்ட், சரிபாதியா வர்ற எண்ணைப் பக்கத்துல இருக்கிற இரட்டை எண்ணுக்குக் கொண்டு போகும். ஷீட்ல இருக்கிற ரவுண்ட் அப்படிச் செய்யாது. ஒவ்வொரு பில்லுக்கும் தனியா ரவுண்ட் பண்ணியிருந்தேன். யாராலயும் கோடிங்கைப் பார்க்க முடியாததால, யாராலயும் அந்தத் தப்பைப் பிடிக்க முடியல. ஆனா அந்த நிமிஷம் என் மனசுல ஓடினது வேற: இவன் எப்படிப் பார்த்தான்? அப்போ பாஸ்வேர்டையும் பார்த்திருப்பானே!

பார்த்திருந்தான். மறைக்காம சொல்லவும் செஞ்சான். எக்ஸ்.எல்.எஸ்.எம். ஃபைல் உண்மையில ஒரு ஜிப் ஃபைல். பிரிச்சுப் பார்த்தா உள்ளே வி.பி.ஏ. ப்ராஜெக்ட்டுக்குன்னு ஒரு தனி ஃபைல் இருக்கும். கோடிங் அதுல சுருக்கி வைக்கப்பட்டிருக்கு, அவ்வளவுதான். நாம போட்ட பாஸ்வேர்டால அது என்கிரிப்ட் ஆகிறதில்லை. 'காட்டாதே'ன்னு எடிட்டருக்குச் சொல்ற ஒரு குறிப்புதான் அந்தப் பூட்டு. அந்தக் குறிப்பை மதிக்காத இலவச டூல் நிறைய இருக்கு.

ஃபைலைத் திறக்கவே பாஸ்வேர்ட் போடலாமேன்னு தோணும். அது நிஜமான என்கிரிப்ஷன்தான். ஆனா பயன்படுத்துறவங்களுக்கு அந்தப் பாஸ்வேர்டைக் கொடுத்தாகணுமே! அப்புறம் யார்கிட்ட இருந்து மறைக்கிறது? டி.எல்.எல்.லா கம்பைல் பண்ணித் தரலாம், பார்க்கிறது கஷ்டமாகும். ஆனா ஒவ்வொரு கம்ப்யூட்டர்லயும் இன்ஸ்டால் பண்ணி, பராமரிக்கிற தலைவலி உங்களுக்குத்தான்.

அன்னைக்குச் சாயங்காலமே சர்வர் பாஸ்வேர்டை மாத்தினேன். கோடிங்ல பாஸ்வேர்டே இல்லாம, விண்டோஸ் லாகின் வழியா சர்வருக்குப் போற மாதிரி எழுதினேன். அந்த லாகின்களுக்குப் படிக்கிற உரிமை மட்டும், அதுவும் தேவையான டேபிள்களுக்கு மட்டும். கமிஷன் விகிதம் வெளியே தெரியக் கூடாதுன்னு நிர்வாகம் சொன்னதால, அந்தக் கணக்கை சர்வர்ல ஸ்டோர்டு ப்ரொசீஜரா மாத்திட்டேன். எக்ஸெலுக்கு விடை மட்டும்தான் வரும்.

பூட்டை எடுக்கல. கை தவறி யாராவது ஒரு வரியை அழிச்சிடாம இருக்க அது போதும். ஆனா பூட்டின ஃபைல்ல எரர் வந்தா டீபக் பட்டன் மங்கிப் போயிடும், எந்த வரியில நின்னுச்சுன்னு தெரியாது. அதனால எரர் செய்தியை நீங்களே எழுதி வையுங்க. பூட்டாத காப்பி ஒண்ணும் உங்ககிட்ட பத்திரமா இருக்கட்டும். பாஸ்வேர்டை மறந்தா நீங்களும் அந்தப் பையன்கிட்டதான் போய் நிக்கணும்!

ரவுண்டிங்கையும் சரி பண்ணினேன். பழைய மாசங்களுக்கு விட்டுப்போன தொகையை அடுத்த கமிஷனோட சேர்த்துக் கொடுத்தாங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.