முதுமையில் மருத்துவச் செலவு: அரசாங்க உதவியும் கூடுதல் காப்புறுதியும்

(லூனாஸ் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்களிடையே ஆற்றிய உரை)



பால்மரம் வெட்டும் காலத்தில் காய்ச்சல் என்றால் தோட்டக் கிளினிக்கை நாடினோம். வேலையில் அடிபட்டால் சொக்சோவை நாடினோம். 60 வயதில் ஓய்வு பெற்று, லயத்து வீட்டைவிட்டுக் குடிபெயரும்போது இந்த ஆதரவுகள் பின்தங்கிவிடுகின்றன. நோய் மட்டும் நம்முடன் வருகின்றது. சேமநிதிப் பணம் கையிலுள்ள அவ்வேளையில், மருத்துவக் காப்புறுதி எடுக்குமாறு முகவர்கள் வீடு தேடி வருவதும் உண்டு. எடுக்கலாமா, வேண்டாமா என்பதை இன்று ஆராய்வோம்.

முதலில், நம்மிடம் ஏற்கெனவே இருப்பதை அறிந்துகொள்ள வேண்டும். அரசாங்கக் கிளினிக்கில் குடிமக்களுக்குப் பதிவுக் கட்டணம் 1 வெள்ளி. மருத்துவமனையில் நிபுணரைக் காண 5 வெள்ளி. 60 வயதை எட்டியோருக்கு வெளிநோயாளர் பதிவுக் கட்டணமே இல்லை. இதுவே நமது அடித்தளம்.

ஆயினும் இதில் சில இடைவெளிகள் உண்டு. கூலிமிலிருந்து பினாங்கு மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டால் வண்டிக்கூலி வேண்டும். துணைக்கு வரும் மகனின் நாட்கூலி போய்விடும். இருதயக் குழாயில் பொருத்தும் ஸ்டென்ட் போன்ற கருவிகளுக்குத் தனியே பணம் தேவைப்படலாம்.

குறைந்த வருமானத்தினருக்கு இவ்விடைவெளிகளை நிரப்பவே அரசாங்கம் 2019ஆம் ஆண்டில் ‘பெக்கா பி40’ திட்டத்தைத் தொடங்கியது. அரசாங்க ரொக்க உதவி பெறுவோரிலும் அவர்தம் துணைவர்களிலும் 40 வயதை எட்டியவர்கள் இதில் அடங்குவர். இலவச உடல் பரிசோதனை, மருத்துவக் கருவிகளுக்கு 20,000 வெள்ளி வரை உதவி, புற்றுநோய்ச் சிகிச்சையை முடிப்போருக்கு 1,000 வெள்ளி, தீபகற்பத்தில் போக்குவரத்துக்கு 500 வெள்ளி வரை என அதன் உதவிகள் வகுக்கப்பட்டன. முகவரிடம் கையெழுத்திடுவதற்கு முன், அரசாங்கக் கிளினிக்கில் இதைப் பற்றி விசாரியுங்கள்.

இனி, தனியார் காப்புறுதிக்கு வருவோம். அது தவறான பொருளன்று. ஆனால் வயது ஏற ஏற அதன் கட்டணமும் ஏறும். மாதம் 200 வெள்ளி என்றால் பத்து ஆண்டுகளில் 24,000 வெள்ளி. கட்டணம் உயராவிட்டாலே இத்தொகை! கட்டண உயர்வு பெரும் சுமையானதால், 2024 டிசம்பரில் பேங்க் நெகாரா தலையிட்டு, உயர்வைக் குறைந்தது மூன்று ஆண்டுகளுக்குப் பகிர்ந்து விதிக்குமாறு ஏற்பாடு செய்தது. இடையில் கட்ட இயலாமற் போனால், தேவைப்படும் வேளையில் பாதுகாப்பு இருக்காது.

எனவே முகவரிடம் நான்கு கேள்விகள் கேளுங்கள். எழுபது வயதில் நான் எவ்வளவு கட்ட வேண்டும்? எத்தனை வயது வரை பத்திரம் புதுப்பிக்கப்படும்? எனக்கு ஏற்கெனவே உள்ள நீரிழிவும் இரத்தக் கொதிப்பும் சேர்க்கப்படுமா? அரசாங்க மருத்துவமனையில் படுத்தால் நாள்தோறும் ரொக்க உதவி கிடைக்குமா? நம்மைப் போன்றோருக்குக் கடைசிக் கேள்வி மிக முக்கியம். வண்டிக்கூலிக்கும் வீட்டுச் செலவுக்கும் உதவுவது அத்தொகையே.

நோயை மறைத்துக் கையெழுத்திடாதீர்கள். பின்னர் இழப்பீடு மறுக்கப்படலாம். பொதுவாக முதல் 30 நாட்களுக்கும், குறிப்பிட்ட சில நோய்களுக்கு 120 நாட்களுக்கும் பாதுகாப்பு இராது. ஆகவே, பழைய பத்திரம் உள்ளவர்கள் புதியதன் ஆசையில் அதைக் கைவிட வேண்டாம். காத்திருப்பு மீண்டும் முதலிலிருந்து தொடங்கக்கூடும். பத்திரம் கிடைத்தபின் 15 நாட்களுக்குள் மனம் மாறினால் திருப்பிக் கொடுக்கலாம். அந்நாட்களில் படித்த பிள்ளைகளைக் கொண்டு அதை வாசித்துப் பொருள் கேளுங்கள்.

அரசாங்க மருத்துவமனை நமது வீடு. காப்புறுதி அதற்குப் போடும் தாழ்வாரம். தாழ்வாரத்திற்காக வீட்டை அடகு வைப்பார் இல்லை. நாற்பது ஆண்டு உழைப்பின் சேமநிதியை அவசரக் கையெழுத்தில் இழந்துவிடாமல், அறிந்து தெளிந்து முடிவெடுப்போமாக.