ஏட்டில் ஏறியவரும் ஏற்றியவரும்

சேர்வராயன் மலைமேல் இந்த மாநாட்டுக்காகக் கூடியிருக்கிறோம். இத்துறையில் என்னைவிட ஆழ உழுதவர்கள் முன்வரிசையில் இருக்க, தலைமை உரை என் பங்குக்கு வந்திருக்கிறது. பெருமையோடு கலக்கமும் இருக்கிறது.

‘தனியுரிமையும் பொது ஆவணங்களும்’ என்பது நமக்குத் தந்த தலைப்பு. 2005-ஆம் ஆண்டுத் தகவல் உரிமைச் சட்டம், தனியுரிமையை அடிப்படை உரிமை என்ற 2017-இன் புட்டசாமி தீர்ப்பு, 2023-இன் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஆகியவற்றின் வரலாறு இந்த அவைக்குப் புதிதல்ல. அமர்வுகளில் விரிவாகவே வரும். நான் வேறொன்றில் நிற்க விரும்புகிறேன்.

இந்த மலையடிவாரத்துச் சேலம் மத்தியச் சிறையில் 1995 ஏப்ரல் 27 அன்று கொலைக் குற்றவாளி ஆட்டோ சங்கர் தூக்கிலிடப்பட்டார். அதற்குச் சில மாதம் முன்பு, 1994 அக்டோபர் 7 அன்று, அவருடைய தன்வரலாற்றை ‘நக்கீரன்’ இதழ் வெளியிடலாமா என்ற வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வெளியிடக் கூடாது என்று கடிதம் எழுதியவர் சிறைத்துறைத் தலைவர். உயர் அதிகாரிகளுக்கும் சங்கருக்கும் இருந்த தொடர்பு அதில் எழுதப்பட்டிருந்தது. நீதிபதி ஜீவன் ரெட்டி எழுதிய தீர்ப்பு இரண்டு விதிகளைத் தந்தது. பொது ஆவணத்தில் ஏறிய செய்திக்குத் தனியுரிமை இல்லை என்பது ஒன்று. பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்கள் போன்றோருக்கு மட்டும் விலக்கு. பதவிக் கடமை தொடர்பான செயல்களுக்கு அதிகாரி தனியுரிமை கோர முடியாது என்பது மற்றொன்று.

சட்டத்துறை நண்பர்கள் முதல் விதியையே ஓதி வருகிறார்கள். அவர்கள் உழைப்பின்மேல் எனக்கு மதிப்பு உண்டு. ஆனால் அந்த ஆவணத்தை எழுதியது யார், எழுதப்பட்டவரைக் கேட்டு எழுதினாரா என்று அவர்கள் கேட்டதில்லை. சேர்வராயன் மலையிலிருந்து பார்த்தால் அந்தக் கேள்வியைத் தள்ளிவைக்க முடியாது.

சென்னை அருங்காட்சியகக் கண்காணிப்பாளர் எட்கர் தர்ஸ்டன் 1899-இல் ஓர் அருங்காட்சியக இதழை வெளியிட்டார். ஆனைமலைக் காடர், சேர்வராயன் மலையின் மலையாளிப் பழங்குடியினர், மானிடவியல் செய்முறைப் பாடத்திட்டம் மூன்றும் ஒரே அட்டைக்குள் இருக்கின்றன. அந்தப் பயிற்சி காவல்துறையினருக்கும் தரப்பட்டது. வரலாற்றாளர் நிக்கோலஸ் டர்க்ஸ் 2001-இல் தர்ஸ்டனுக்கும் காவல்துறைக்கும் இருந்த உறவைப் பேசிய பிறகு நம்மவர்கள் டர்க்ஸையே மேற்கோள் காட்டிவிட்டு, நடுவில் இருக்கும் மலையாளிகள் பகுதியைப் புரட்டாமலே நகர்ந்துவிட்டார்கள். காஞ்சிபுரத்திலிருந்து மலையேறி வந்த அண்ணன் தம்பிகளில் மூத்தவர் வழி தாங்கள் என்று இம்மக்கள் சொல்லும் கதையையும், அவர்கள் தலை, மூக்கு அளவுகளையும் அரசு ஊழியர் ஒருவர் அரசு ஏட்டில் ஏற்றினார். 1909-இல் ஏழு தொகுதிகளாக வந்த தர்ஸ்டனின் நூலிலும் இவர்களுக்கு நீண்ட பகுதி உண்டு. சாதி பற்றிய வழக்குகளில் அந்த நூல் இன்றும் சாட்சிக்கு வருகிறது.

அரசு இப்படிக் குடும்பச் செய்தியை எழுதுவது அத்தோடு நிற்கவில்லை. சங்கர் வழக்கின் தீர்ப்பு வந்த அதே 1994-இல் இன்னொரு தீர்ப்பும் வந்தது. மாதுரி பாட்டீல் வழக்கு. பழங்குடிச் சான்றிதழைச் சரிபார்க்கும் விழிப்புப் பிரிவு குலதெய்வம், திருமணமுறை, இழவுச் சடங்கு, பிணம் அடக்கும் முறை வரை விசாரிக்க வேண்டும் என்றது. போலிச் சான்றிதழ் உண்மையான பழங்குடிப் பிள்ளையின் இடத்தைப் பறிக்கிறது; விசாரணை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தாத்தாவின் பள்ளிச் சேர்க்கைப் பதிவு கையில் இருக்கும் குடும்பத்திடமும் சாவுச் சடங்கைக் கேட்பது ஏன்? சடங்குகளைக் கேட்டுப் பார்க்கும் இந்த இனத்தொடர்புச் சோதனை முடிந்த முடிபு ஆகாது என்று உச்ச நீதிமன்றமே 2023 மார்ச்சில் மூன்று நீதிபதிகள் அமர்வில் உறுதி செய்துவிட்டது.

அதே ஆண்டின் தரவுச் சட்டத்துக்கு வருகிறேன். அதன் 7-ஆம் பிரிவு, மானியமோ சான்றிதழோ வழங்க, அரசிடம் உள்ள பதிவேட்டையும் புத்தகத்தையும் மின்னணுவாக்கி, புதிதாக ஒப்புதல் கேட்காமலே பயன்படுத்த வழி செய்கிறது. 44-ஆம் பிரிவு தகவல் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஜே)யைத் திருத்தி, பொது நலன் குறித்த வரிகளை எடுத்துவிட்டு, தனிநபர் தகவல் என்றாலே மறுக்கலாம் என்றாக்குகிறது. அதே தகவல் உரிமைச் சட்டத்தின் 8(2) இருக்கிறதே என்பார்கள் அரசுத் தரப்பு அறிஞர்கள். அது பொது நலன் மிகுந்தால் வெளியிடலாம் என்று அதிகாரிக்கு அனுமதி தருகிறது. முடிவு அவர் கையில். ஆக, மலையாளிக் குடும்பத்தின் இழவு வீட்டுச் செய்தி அலுவலகம் அலுவலகமாகப் போகும். அதை எழுதிய அதிகாரி எந்த ஆதாரத்தில் எழுதினார் என்று கேட்டால், தனிநபர் தகவல் என்று பதில் வரலாம். சங்கர் வழக்கின் இரண்டு விதிகளில் குடிமகனுக்குப் பாதகமானது தங்கிவிட்டது. அதிகாரியைக் கட்டியது தளர்ந்துவிட்டது.

அந்தத் தீர்ப்பின் முதல் விதியை அரசு தானாக எழுதிய குடும்பச் செய்திக்குப் பொருத்தக் கூடாது என்பது என் வாதம். மறுக்கிறவர்கள் இங்கேயே மறுக்க வேண்டும்; அதற்காகத்தான் கூடியிருக்கிறோம். விழிப்புப் பிரிவு அறிக்கை முழுதும் முதலில் சம்பந்தப்பட்டவர் கைக்கு வர வேண்டும், சடங்கு பற்றிய பக்கங்கள் விசாரணை முடிந்ததும் முத்திரையிடப்பட வேண்டும், அறிக்கை எழுதியவரின் பெயரும் ஆதாரமும் திறந்திருக்க வேண்டும் என்று ஒரு தீர்மான வரைவை எழுதி வந்திருக்கிறேன். பிற்பகல் அமர்வில் முதல் பொருளாக இதை எடுத்துக்கொள்ளும்படி அவையைக் கேட்டு, மாநாட்டைத் தொடங்கிவைக்கிறேன்.