வீடு எனும் முதல் மத்ரஸா

அளவற்ற அருளாளனும் நிகரற்ற அன்புடையோனுமாகிய வல்ல அல்லாஹ்வின் திருநாமம் கொண்டு ஆரம்பம் செய்கின்றேன். புகழனைத்தும் அவனுக்கே உரித்தாகுக. ஸலவாத்தும் ஸலாமும் எம்பெருமானார் முஹம்மத் (ஸல்) அவர்கள் மீதும், அன்னாரின் கிளையார், தோழர்கள், அவர்களைப் பின்பற்றி வாழும் அனைவர் மீதும் என்றென்றும் உண்டாவதாக.



பிள்ளை பாடசாலையில் காலடி வைக்கும் முன்னரான அந்த ஐந்து ஆண்டுகளைப் பற்றியும், அவ்வாண்டுகளில் வீட்டிலிருந்து பிள்ளைக்குக் கற்பிக்கும் தாயைப் பற்றியும் இன்றைய உரையில் சிறிது சிந்திப்போம். இத்தாயைப் பற்றி நம் ஊர்களில் ஒரு பேச்சு உண்டு. “அவள் வீட்டில் சும்மாதான் இருக்கிறாள்” என்பர். அவள் படித்தவளாயின், “இவ்வளவு படித்தும் பிள்ளையோடு முடங்கிக் கிடக்கிறாள்” என்பர். பிள்ளைக்கு மூன்று வயதாகியும் முன்பள்ளிக்கு அனுப்பாவிடில், “அடுத்த வீட்டுப் பிள்ளை ஆங்கிலத்தில் பாட்டுப் பாடுகிறது, உங்கள் பிள்ளை பின்தங்கிவிடும்” என்று அச்சமூட்டுவர். இப்பேச்சுகளைக் கேட்டுக் கேட்டு, தான் செய்வது ஒரு வேலையே இல்லையோ என்று அத்தாயே ஐயுறத் தொடங்குகிறாள். ஆகவே மார்க்கம் இதனை எவ்வாறு நோக்குகிறது என்பதை முதலில் பார்ப்போம்.

ஒவ்வொருவரும் மேய்ப்பரே, ஒவ்வொருவரும் தம் பொறுப்பிலுள்ளோர் பற்றி விசாரிக்கப்படுவர் என்ற கருத்துப்பட நபி (ஸல்) அவர்கள் அறிவுறுத்திய ஹதீஸை நீங்கள் அறிவீர்கள். அதிலே ஆட்சித் தலைவரைக் குறிப்பிட்ட அதே வரிசையில், வீட்டையும் பிள்ளைகளையும் பொறுப்பேற்ற பெண்ணையும் அன்னார் குறிப்பிட்டார்கள். ஒரு நாட்டின் தலைவருடைய கடமை எந்தச் சொல்லால் குறிக்கப்பட்டதோ, அதே சொல்லாலேயே ஒரு தாயின் கடமையும் குறிக்கப்பட்டிருக்கையில், அவளைச் சும்மா இருப்பவள் என்று சொல்ல நமக்கு என்ன உரிமை இருக்கிறது?

இமாம் ஷாபிஈ (ரஹ்) அவர்களின் பெயரை அறியாத முஸ்லிம் வீடு நம் நாட்டில் இல்லை. ஹிஜ்ரி 150ஆம் ஆண்டு காஸாவிலே பிறந்த அன்னார், சிறு வயதிலேயே தந்தையை இழந்தார்கள். வறுமையில் வாடிய அவர்களின் தாயார் குழந்தையை மக்காவுக்கு அழைத்து வந்து கல்வியின் பக்கம் திருப்பினார்கள். எழுதுவதற்குத் தாள் வாங்க வசதியின்றி எலும்புத் துண்டுகளில் எழுதிப் படித்த அச்சிறுவர், ஏழு வயதிலேயே குர்ஆனை மனனமிட்டார். இன்று நாம் பின்பற்றும் மத்ஹபின் பின்னால் அந்த ஏழைத் தாயின் பொறுமையும் இருக்கிறது.

சகோதர சகோதரிகளே! வீட்டில் கற்பித்தல் என்றவுடன் கரும்பலகையும் மேசையும் கதிரையும் நினைவுக்கு வரலாம். மூன்று, நான்கு வயதுப் பிள்ளைக்கு அவை தேவையில்லை. அல்குர்ஆனின் 31ஆம் அத்தியாயத்தில் லுக்மான் (அலை) அவர்கள் தம் மகனுக்குச் சொன்ன உபதேசம் இடம்பெற்றுள்ளது. இணைவைத்தலைத் தவிர்த்தல், தொழுகை, பொறுமை, பணிவான நடை, தாழ்ந்த குரல் எனப் பல விடயங்கள் அதில் உள்ளன. அல்லாஹ்வின் அறிவு எத்துணை நுட்பமானது என்பதை உணர்த்த அவர்கள் எடுத்துக்கொண்ட உவமை, ஒரு கடுகு மணி. அந்தக் கடுகு உங்கள் அடுப்படிப் போத்தலிலும் இருக்கிறது. அதிலே ஒரு மணியைப் பிள்ளையின் உள்ளங்கையில் வைத்து, இது ஒரு பாறைக்குள் ஒளிந்திருந்தாலும் அல்லாஹ் அறிவான் என்று சொல்லிப் பாருங்கள். பிள்ளை அதனை வாழ்நாளில் மறவாது.

ஒரு நாளின் ஒழுங்கை நமக்குத் தொழுகையே வகுத்துத் தந்திருக்கிறது. ஸுபஹுக்குப் பின்னர் தாய் ஓதும் குரலைக் கேட்டுக் கண்விழிக்கும் பிள்ளை, அக்குரலையே முதற் பாடமாகப் பெறுகிறது. வுளூச் செய்யும்போது நீரை வீண்விரயம் செய்யாதிருக்கப் பழகுகிறது. காலை உணவின் பின், மனம் தெளிவாக இருக்கும் வேளையில் பதினைந்து நிமிடங்கள் எழுத்துக்குப் போதும். சோற்றுக்கு அரிசி அளக்கையில் எத்தனை சுண்டு என்று எண்ணச் சொல்லுங்கள், அதுவே கணிதம். காய்ந்த உடைகளை மடிக்கையில் வாப்பாவின் சாரன் எது, தங்கச்சியின் சட்டை எது என்று பிரிக்கச் சொல்லுங்கள், வகைப்படுத்தும் அறிவு அதிலே வளரும். லுஹருக்குப் பின் உறக்கம். அஸருக்குப் பின் அயல்வீட்டுப் பிள்ளைகளோடு முற்றத்தில் விளையாட்டு. மஃரிபுக்குப் பின் சிறு ஸூறாக்களை ஓதிப் பழகுதல். இஷாவுக்குப் பின் ஒரு கதை, அத்தோடு தூக்கம். இருபத்தொன்பதாம் நாள் மாலையில் பிள்ளையை வெளியே அழைத்துச் சென்று மேற்கு வானில் பிறையைத் தேடச் செய்யுங்கள். மாதம் என்றால் என்னவென்று அதற்குப் பின் வேறு விளக்கம் வேண்டியதில்லை.

எழுத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. நம் பிள்ளைகள் தமிழை இடமிருந்து வலமாகவும், அரபை வலமிருந்து இடமாகவும் எழுத வேண்டியவர்கள். ஒரே அமர்வில் இரண்டையும் திணித்தால் குழந்தை தடுமாறி எழுத்தைத் திருப்பிப் போடும். அது கண்டு “மண்டையில் ஏறவில்லை” என்று நொந்துகொள்ளாதீர்கள். காலையில் தமிழ், மாலையில் அரபு என்று வேளையைப் பிரித்துக்கொள்ளுங்கள். எந்தப் பக்கத்திலிருந்து தொடங்க வேண்டுமோ அந்த ஓரத்தில் ஒரு சிறு நிறப்புள்ளியை இட்டுக் கொடுங்கள். ட, ப போன்ற நேர்கோட்டு எழுத்துகளை முதலில் மணலிலோ, தட்டில் பரப்பிய அரிசி மாவிலோ விரலால் எழுதச் செய்யுங்கள். பென்சில் பிடிக்கும் வலு விரலுக்கு வந்த பின் கொப்பியைக் கொடுக்கலாம்.

ஸஹனைச் சுற்றியமர்ந்து உண்பது நம்மவர் வழக்கம். நபி (ஸல்) அவர்களின் வளர்ப்பில் இருந்த உமர் இப்னு அபீ ஸலமா (ரழி) என்ற சிறுவரின் கை, உணவுத் தட்டின் எல்லாப் பக்கமும் அலைந்தது. அன்னார் கையைத் தட்டிவிடவுமில்லை, பிறர் முன் ஏசவுமில்லை. அல்லாஹ்வின் பெயர் சொல்லி, வலக்கையால், தனக்கு அருகிலுள்ளதிலிருந்து உண்ணுமாறு மென்மையாகக் கற்றுக் கொடுத்தார்கள். அச்சிறுவர் தம் வாழ்நாள் முழுவதும் அவ்வாறே உண்டதாக அவரே அறிவிக்கிறார். எத்தனை சுருக்கமான பாடம்! எத்தனை நீண்ட பலன்!

மற்றொரு சம்பவத்திலே, ஒரு தாய் தன் பிள்ளையை “வா, தருகிறேன்” என்று அழைத்தார். என்ன கொடுக்க நாடினீர் என்று நபி (ஸல்) அவர்கள் வினவ, பேரீச்சம்பழம் என்றார் அத்தாய். எதுவும் கொடுக்காது விட்டிருந்தால் அது ஒரு பொய்யாகப் பதியப்பட்டிருக்கும் என அன்னார் எச்சரித்தார்கள். சோறு ஊட்டுவதற்காகப் பூச்சாண்டி வருகிறான் என்கிறோமே, கடைக்குப் போகும்போது மருந்தெடுக்கப் போகிறேன் என்கிறோமே, அவற்றை இந்த ஹதீஸின் வெளிச்சத்தில் நிறுத்திப் பாருங்கள்.

தாய்மார்களே! இவையனைத்தும் சொல்வதற்கு எளிது. ஒரு பிள்ளை அழ, ஒரு பிள்ளை பாலைக் கொட்ட, அடுப்பில் கறி தீய, வாசலில் யாரோ அழைக்க, அவ்வேளையில் கற்பித்தலும் பொறுமையும் எங்கே என்று நீங்கள் கேட்பது எமக்குப் புரிகிறது. அருமை மகளார் பாத்திமா (ரழி) அவர்களின் கைகள் திரிகை அரைத்துத் தழும்பேறியிருந்தன. பணியாள் ஒருவரைக் கேட்டு அவர்கள் தம் தந்தையிடம் சென்றார்கள். அன்றிரவு நபி (ஸல்) அவர்கள் மகளின் வீடு தேடி வந்து, உறங்கு முன் ஸுப்ஹானல்லாஹ், அல்ஹம்துலில்லாஹ் ஆகியவற்றை 33 தடவைகள் வீதமும், அல்லாஹு அக்பர் என்பதை 34 தடவைகளும் ஓதுமாறு கற்பித்து, அது பணியாளைவிடச் சிறந்தது என்றார்கள். சுவனத்துப் பெண்களின் தலைவியும் களைத்தார்கள், அக்களைப்பைச் சொல்லி முறையிட்டார்கள். ஆகவே களைப்பதும் அதனைச் சொல்வதும் ஈமானின் குறைவாகா.

பிள்ளை முதுகில் ஏறுவதால் தொழுகையில் மனம் ஒன்றவில்லையே எனக் கவலைப்படும் தாய்க்கும் ஆறுதல் உண்டு. பேத்தி உமாமா (ரழி) அவர்களைச் சுமந்தவாறே அண்ணலார் தொழுதிருக்கிறார்கள். பின்னாலிருந்து குழந்தையின் அழுகுரல் கேட்டால், தாயின் மனம் தவிக்குமே என்று தொழுகையைச் சுருக்கியிருக்கிறார்கள்.

ஆயினும் ஒன்றில் மிகுந்த கவனம் வேண்டும். கோபத்தில் பிள்ளையின் கையில் அடித்து எழுத வைத்தால், எழுத்தோடு வெறுப்பும் சேர்ந்து பதியும். பின்னாளில் நல்லாசிரியர் வந்தாலும் அவ்வெறுப்பை அகற்றுவது கடினம். தொழுகையைக்கூட ஏழு வயதிலேயே ஏவுமாறு நபி (ஸல்) அவர்கள் பணித்தார்கள். அதற்கு முந்திய ஆண்டுகள் பார்த்துப் பழகும் ஆண்டுகள். மார்க்கமே அவகாசம் கொடுத்திருக்க, நாம் ஏன் ஒரு எழுத்துக்காக அவசரப்பட வேண்டும்? கோபம் வரும் நாளில் கொப்பியை மூடிவிட்டுப் பிள்ளையோடு முற்றத்துக்குச் செல்லுங்கள்.

களைப்பு வரும் வேளையில் கைக்கெட்டுவது கைத்தொலைபேசி. அதனைக் கொடுத்தால் பிள்ளை அமைதியாகிவிடும் என்பது உண்மையே. ஆனால், ஒரு வயதுக் குழந்தைக்குத் திரையே உகந்ததல்ல என்றும், இரண்டு முதல் நான்கு வயது வரை நாளொன்றுக்கு ஒரு மணித்தியாலத்தை மிஞ்சலாகாது என்றும் உலக சுகாதார நிறுவனம் 2019இல் ஆலோசனை வழங்கியது. மூன்று, நான்கு வயதுப் பிள்ளைக்கு 10 முதல் 13 மணித்தியால உறக்கமும், நாளாந்தம் 3 மணித்தியால உடல் அசைவும் தேவை என்றும் அது கூறுகிறது. அஸருக்குப் பிந்திய விளையாட்டும், இஷாவுக்குப் பிந்திய உறக்கமும் எத்துணை பொருத்தமானவை என்பதைக் கவனியுங்கள்.

தந்தையரே! இப்பொறுப்பு முழுவதையும் மனைவியின் தோளில் ஏற்றிவிட்டுச் சந்திக்கடையில் கதைத்திருப்பது முறையாகாது. வீட்டிலே நபி (ஸல்) அவர்கள் என்ன செய்வார்கள் என்று வினவப்பட்டபோது, குடும்பத்தாரின் வேலைகளில் உதவியாக இருப்பார்கள், தொழுகை நேரம் வந்ததும் தொழுகைக்குச் செல்வார்கள் என ஆயிஷா (ரழி) அவர்கள் பதிலளித்தார்கள். மஃரிபிலிருந்து இஷா வரையேனும் பிள்ளையை நீங்கள் பொறுப்பெடுங்கள். அவ்வேளையில் அவள் நிம்மதியாகத் தொழட்டும், ஒரு நூலை வாசிக்கட்டும். லுக்மான் (அலை) அவர்களின் உபதேசமும் ஒரு தந்தையின் உபதேசமே என்பதை மறவாதீர்கள்.

எல்லாத் தாய்மாரும் வீட்டில் இருக்க இயலாது என்பதும் உண்மை. தொழிலுக்குச் செல்வோர் உளர், கடல் கடந்து சென்று உழைப்போரும் உளர். அவர்களை எவரும் குறைசொல்ல வேண்டாம். அங்கே உம்மும்மாவும் வாப்பும்மாவும், ராத்தாவும் நானாவும் அப்பாடத்தை நடத்தலாம். நம் முன்னோர் வீடுகளில் அரபுத்தமிழ் நூல்களை ஓதிக் கொடுத்த மூதாட்டிகள் பட்டம் பெற்றவர்கள் அல்லர். அவர்கள் மடியில்தான் ஒரு சமூகம் தன் மார்க்கத்தைக் கற்றது.

வீட்டுக் கல்வி என்பதைப் பாடசாலைக்கு எதிரானதாக எவரும் விளங்கிக்கொள்ள வேண்டாம். நம் நாட்டில் 1998 முதல் 5 வயதிலிருந்து 14 வயது வரை கட்டாயக் கல்வி நடைமுறைக்கு வந்தது. 2016இல் அந்த எல்லை 16 வயதாக உயர்த்தப்பட்டது. 1882இல் முஸ்லிம் நேசனைத் தொடங்கிய அறிஞர் சித்திலெப்பை அவர்கள், ஆண், பெண் இருபாலாருக்கும் பாடசாலை வேண்டுமென்று தம் வாழ்வையே அர்ப்பணித்தார்கள். அவர்கள் முன்னின்று உழைத்ததன் பயனாக 1892இல் கொழும்பு மருதானையில் உருவான மத்ரஸாவே இன்றைய ஸாஹிராக் கல்லூரி. ஆகவே உரிய வயதில் பிள்ளையைப் பாடசாலையில் சேருங்கள். அதன் பின்னரும் வீட்டுப் பாடம் முடிவதில்லை. 2020 மார்ச்சில் பெருந்தொற்றால் பாடசாலைகள் மூடப்பட்டபோது, பாயை விரித்துப் பிள்ளையோடு அமர்ந்தவர்கள் தாய்மார்களே.

இளைஞர்களே, யுவதிகளே! உங்களுக்கும் இதில் பங்குண்டு. மணமுடித்தால் அடுப்படிதானே, படிப்பெதற்கு என்று சொல்வோரின் பேச்சைக் கேட்டு யுவதிகள் கல்வியைக் கைவிடாதீர்கள். நாளை உங்கள் மடியில் அமரப்போகும் பிள்ளையின் முதல் ஆசிரியை நீங்கள். ஆயிஷா (ரழி) அவர்கள் அறிவித்த ஹதீஸ்கள் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவை. ஸஹாபாக்களும் ஐயம் தீர நாடி வந்தது அன்னாரின் வீட்டு வாசலையே. இளைஞர்களே, உம்மா தம்பியோடு போராடும் வேளையில் உங்கள் கையிலுள்ள தொலைபேசியைக் கீழே வைத்துவிட்டு, அரை மணி நேரம் அவனுக்கு ஒரு கதை சொல்லுங்கள். உங்களுக்கு முதல் ஸூறாவை ஓதித் தந்த நாவு யாருடையது என்பதை எண்ணிப் பாருங்கள்.

நேயர்களே! வீட்டில் கற்பிக்கும் தாய்க்குச் சம்பளப் பட்டியல் இல்லை, பதவி உயர்வு இல்லை, ஓய்வூதியமும் இல்லை. ஆனால் மனிதன் மரணித்த பின்னரும் பயன் தரும் மூன்றில், பயனுள்ள கல்வியும், பெற்றோருக்காகப் பிரார்த்திக்கும் ஸாலிஹான பிள்ளையும் இரண்டு என நபிமொழி கூறுகிறது. பிள்ளைக்குக் கற்பிக்கும் தாய் அவ்விரண்டையும் ஒருங்கே தேடிக்கொள்கிறாள். இன்றிரவு உங்கள் வீட்டில் அவளிடம், “இன்று பிள்ளை என்ன படித்தது?” என்று ஒருமுறை கேளுங்கள். அவள் சொல்வதை அமர்ந்து செவிமடுங்கள்.

யா அல்லாஹ்! எங்கள் தாய்மாரின் களைப்பை இபாதத்தாக ஏற்றுக்கொள்வாயாக! எங்கள் வீடுகளை அறிவும் அன்பும் நிறைந்த மத்ரஸாக்களாக ஆக்குவாயாக! எங்கள் பிள்ளைகளைக் கண்குளிர்ச்சியாக ஆக்கியருள்வாயாக! ஆமீன், ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மதுல்லாஹி வபரக்காத்துஹு.