பழைய இரும்பு: சுமப்பவருக்கு என்ன மிச்சம்?



பழைய இரும்பைச் சேர்த்துச் சுமப்பது உழைப்புக்கேற்ற தொழிலா? நாட்டைப் பொறுத்தவரை ஐயமில்லை. ஒரு டன் பழைய இரும்பைப் பயன்படுத்தினால் 1.1 டன் இரும்புத் தாதும், நாம் பெரும்பாலும் இறக்குமதி செய்யும் கோக் நிலக்கரியில் 630 கிலோவும் மிச்சமாகும் என்று 2019ஆம் ஆண்டின் எஃகுக் கழிவு மறுசுழற்சிக் கொள்கை கூறுகிறது.

சுமப்பவரின் கணக்கு வேறு. இரும்பு எடை மிகுந்தது; விலை குறைந்தது. தொலைவு கூடினால் வண்டிக் கூலியே வருவாயை விழுங்கிவிடும். செம்பையும் அலுமினியத்தையும் தனியே பிரித்து விற்றால் அதே சுமைக்குக் கூடுதல் விலை கிடைக்கும்.

ஆபத்தும் உண்டு. 2010இல் டெல்லி மாயாபுரிச் சந்தைக்கு வந்த பழைய கருவியொன்றிலிருந்த கோபால்ட்-60 ஒரு தொழிலாளியின் உயிரைப் பறித்தது.

எனவே, நாடு பெறும் ஆதாயத்தில் ஒரு பங்கு சுமப்பவரைச் சேர வேண்டும். அருகில் கொள்முதல் நிலையம், நேர்மையான தராசு, பாதுகாப்புச் சோதனை ஆகிய மூன்றும் அமைந்தால்தான் இது உழைப்புக்கேற்ற தொழிலாகும்.